உடைந்தும் உதிராத க்யூப்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

டேய் ரவி,

பதில் போடவில்லை என்று திட்டுவதானால் நேரே திட்டு, லோடு பாஸ்கரிடம் சொல்லி அனுப்பாதே. அவன் நீ சொன்னதோடு நாலு சேர்த்துச் சொல்கிறான். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி, ஆனாலும் மீன் வாங்கக் காசிமேட்டுக்குத் தானேதான் போக வேண்டும் என்று பிடிவாதம். பத்திரிகை கிடைத்தது, குடும்பத்தோடு வருகிறோம்.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. வயிறு எரிகிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்குக் கான்கிரீட் தளம் போடும் வேலை வந்திருக்கிறது. ட்ரெய்லர் ஓடி ஓடிப் பழைய தளத்தில் ஜாயின்ட் ஓரமெல்லாம் பெயர்ந்து, மூலைகள் உடைந்து கிடக்கின்றன. நான் கான்கிரீட்டில் இரண்டு ஃபைபரும், அதாவது இரண்டு வகை இழையும், கலந்து போடலாம் என்றேன். கொக்கி முனை ஸ்டீல் ஃபைபர் கன அளவில் அரை சதவீதம், அதாவது கன மீட்டருக்கு 39 கிலோ. கூடவே 12 மி.மீ. பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் இழை, 900 கிராம். கன்சல்டன்ட் “க்யூப் போட்டுக் காட்டுங்க” என்றார், கான்கிரீட் கட்டி வார்த்து நசுக்கிப் பார்க்கும் சோதனை. போட்டோம். சாதா எம்30 (சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்) ஒரு செட், ஃபைபர் சேர்த்தது ஒரு செட், 28 நாள் தண்ணீரில் வைத்து உடைத்தோம்.

உடையும்வரை தாங்கிய அழுத்தத்தின் எண் கொஞ்சம்தான் ஏறியது. “இதுக்கா இவ்வளவு செலவு?” என்று எஸ்டிமேட்டில் ஃபைபர் வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். க்யூப் உடைந்தபோது அந்த மனுஷர் லேபிலேயே இல்லை, வந்து சேர்ந்த தாளை மட்டும் பார்த்தார்.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எம்30-க்கு நாம் குறி வைப்பது சதுர மி.மீ.க்கு 38.25 நியூட்டன். அந்த அளவில் 150 மி.மீ. க்யூப் தலையில் 860 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 88 டன் ஏறுகிறது. சாதா க்யூப் அதைத் தாண்டியதும் டப் என்று ஒரு சத்தம், நாலு பக்கமும் சிதறல், இடுப்பு ஒடுங்கிய ஒரு துண்டுதான் மிச்சம். ஃபைபர் க்யூபில் சத்தமே இல்லை. மீட்டர் உச்சத்துக்குப் போய் மெதுவாக இறங்கியது, பக்கங்கள் உப்பின, மேலிருந்து கீழாக விரிசல் ஓடியது, க்யூப் முழுசாக நின்றது. வெளியே எடுத்து மூலையைப் பிடித்து இழுத்தேன். பாதி உரித்த தேங்காய் மட்டை மாதிரி விரிந்து கொடுத்தது, கையோடு வரவில்லை.

கம்ப்ரஷன் எண்ணை, அதாவது நசுக்கினால் தாங்கும் அளவை, பெரும்பாலும் முடிவு செய்வது தண்ணீர்-சிமென்ட் விகிதம்தான். ஃபைபருக்கு வேலையே விரிசல் விழுந்த பிறகுதான். கலவை இறுகும் முதல் சில மணி நேரத்தில் வெயிலுக்கும் காற்றுக்கும் மேலே விழும் மயிரிழை விரிசலைப் பாலி பிடிக்கும். பெரிதாக வாய் திறப்பதை ஸ்டீல் இழுத்துப் பிடிக்கும். இரண்டையும் சேர்ப்பது அதற்காகத்தான். ட்ரெய்லர் டயர் தரையை அழுத்துவது ஒரு சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன்கூட இல்லையே! 30 தாங்கும் தளம் அந்த அழுத்தத்தில் நொறுங்கியா போகிறது? வளைந்து கிழிகிறது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் கம்ப்ரஷனைக் கேட்டால் ஃபைபர் என்ன பதில் சொல்லும்? விற்க வருகிறவர்களும் சும்மா இல்லை, “ஸ்ட்ரெங்த் ஏறும் சார்” என்றுதான் வாயைத் திறக்கிறார்கள்.

கலப்பது லேசு என்று நினைக்காதே. மொத்தமாகக் கொட்டினால் ஃபைபர் உருண்டை உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், விழுந்துவிடும். விழுந்ததும் நம் ஆட்கள் கை தானாகவே ஹோஸ் பைப்புக்குப் போகும். தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் அட்மிக்சர் கேனைக் காட்டிக் காட்டித் தொண்டை கட்டிப்போச்சு. பாலியை அளவுக்கு மேல் போட்டால் காற்று மாட்டிக்கொண்டு, இருக்கிற எண்ணும் இறங்கும்.

உடைந்த க்யூபைப் பையில் போட்டுக்கொண்டு பொன்னுசாமி மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியாதே, அவருக்குப் பார்வை ரொம்ப மங்கிவிட்டது. மடியில் வாங்கி, விரிசல் வழியாகக் கட்டை விரலை ஓட்டினார், நீட்டிக்கொண்டிருந்த கொக்கியை நெருடிப் பார்த்தார். ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று காத்திருந்தேன். “தண்ணி எவ்ளோடா ஊத்துனீங்க?” என்றார். மனுஷர் மாறவே இல்லை. அப்புறம் கொஞ்சம் பொறுத்து, “பீம் போட்டியா?” என்றார், வளைத்து உடைத்துப் பார்த்தாயா என்று. திரும்பி வரும்போது எனக்குப் பேச்சே வரவில்லை. நேரம் கிடைக்கும்போது அவரைப் போய்ப் பார், தள்ளிப்போடாதே.

உன் மாடிக்கு ஃபைபர் போடலாமா என்று கேட்டிருந்தாய். மேல் தளப்பூச்சுக்குப் பாலி போடு, நல்லதுதான். ஆனால் அதைக் காட்டி எந்த மேஸ்திரியாவது கம்பியைக் குறைக்கச் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடு. தண்ணீர் விட்டு ஈரம் காக்கும் க்யூரிங்கையும் அவனை நம்பி விடாதே.

மாஸ்டர் கேட்டபடி 500 மி.மீ. பீம் போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை வளைத்து உடைப்போம். கன்சல்டன்ட் நேரில் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், வராவிட்டால் வீட்டுக்கே போய் அழைத்து வருவேன். நீயும் வா. மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கு, வண்டி கொண்டுவருகிறேன். பாஸ்கரிடம் மட்டும் மூச்சு விடாதே.

உன்,
செல்வம்