கண்ணாடியைக் கழற்றுமுன் கார்னியாவின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கண்ணாடியை விட்டுவிட உதவும் லேசர் சிகிச்சை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மெஷின் புதியது, ஒரு கண்ணுக்கு எவ்வளவு செலவு, எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பலாம் என்பதெல்லாம் விரிவாக இருந்தது. ஆனால் ஒருவருக்கு இதைச் செய்யலாமா, கூடாதா என்று தீர்மானிப்பது கார்னியாவின் தடிமனும் வடிவமும்தான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கண் மருத்துவத் துறையில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் குறையை நிரப்பவே இதை எழுதுகிறேன்.

கார்னியா என்பது கருவிழியின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம். நடுவில் அதன் தடிமன் சராசரியாக அரை மில்லிமீட்டரை ஒட்டி, சுமார் 520 முதல் 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). லேசர் செய்வது இந்தப் படலத்தை இழைத்துத் தட்டையாக்குவது. இழைத்த சதை திரும்ப வளராது. எவ்வளவு இழைக்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. சிகிச்சை செய்யும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை மூன்றால் வகுத்தால், ஒரு பவருக்கு எத்தனை மைக்ரான் போகும் என்று தெரியும். 6.5 மி.மீ. வட்டத்துக்குச் சுமார் 14 மைக்ரான். மைனஸ் ஆறு பவருக்கு 85 மைக்ரான் போகும். நடைமுறையில் பல மெஷின்கள் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே எடுக்கும்.

லேசிக் முறையில் இதற்கு முன்பே 110 மைக்ரான் அளவுக்கு ஒரு மெல்லிய மூடியை, அதாவது ஃபிளாப்பை, வெட்டித் திறக்கிறார்கள். அது பிறகு மூடப்பட்டாலும் கண்ணின் பலத்துக்கு உதவாது. ஆக 510 மைக்ரான் கார்னியாவில் 195 கணக்கிலிருந்து போய்விட, மிஞ்சுவது 315. குறைந்தபட்சம் 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. இன்று பலர் 300ஐ எதிர்பார்க்கிறார்கள். இன்னொரு அளவும் உண்டு: போன தடிமன் மொத்தத்தில் 40 சதவீதத்தை எட்டினால் ஆபத்து கூடுகிறது. மேலே சொன்னவருக்கு 38 சதவீதம். அதே கார்னியாவில் பவர் மைனஸ் எட்டாக இருந்தால் 287 மைக்ரான் மிஞ்சும். பழைய விதிப்படி தேறிவிடுவார். ஆனால் சதவீதமோ 44ஐ நெருங்கிவிடுகிறது. இப்படிப்பட்டவரிடம் 'செய்துகொள்ளலாம்' என்று ஒரே வார்த்தையில் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

வட்டத்தை 6 மி.மீ. ஆகக் குறைத்தால் ஒரு பவருக்கு 12 மைக்ரான் போதும், தடிமன் மிச்சமாகும். ஆனால் இரவில் கண்மணி விரியும்போது சிகிச்சை வட்டத்தின் ஓரத்தைக் கடந்தும் ஒளி வரும். எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையமும் நட்சத்திரக் கதிரும் தெரியலாம். இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பங்கேற்று நடத்திய 'ப்ரௌல்' ஆய்வில், முன்பு இத்தகைய தொந்தரவு எதுவும் இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் லேசிக் முடிந்து மூன்றாம் மாதத்தில் புதிதாக ஏதாவதொரு தொந்தரவைச் சொன்னார்கள். பெரும் சிரமம் என்றவர்கள் மிகக் குறைவு. பார்வையில் திருப்தி என்றவர்களே மிகப் பெரும்பான்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தடிமன் சரியாக இருந்தாலும் வடிவம் கெட்டிருக்கலாம். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கார்னியா கூம்பாகப் பிதுங்கும். ஆரம்ப நிலையில் பார்வையில் எதுவும் தெரியாது. கார்னியாவின் வடிவத்தை வரைபடமாகக் காட்டும் டோப்போகிராஃபி அல்லது பென்டகாம் படத்தில்தான் கீழ்ப்பகுதி செங்குத்தாவது பிடிபடும். அந்தக் கண்ணில் லேசர் வைத்தால் கார்னியா மேலும் தளர்ந்து பிதுங்கும். முற்றினால் கார்னியா மாற்று அறுவை வரை போகும். சிலிண்டர் பவர் (கார்னியாவின் வளைவு சீராக இல்லாததால் வரும் பவர்) வருடந்தோறும் மாறுகிறதா, வீட்டில் யாருக்காவது இந்த நோய் உண்டா, அலர்ஜி அரிப்பால் கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்படாத பரிசோதனை முழுமையானதல்ல. கான்டாக்ட் லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றிக் காட்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஓரிரு வாரம், கடின லென்ஸ் என்றால் குறைந்தது மூன்று நான்கு வாரம் நிறுத்தியபின் எடுத்த படத்தையே நம்ப வேண்டும். காலையில் லென்ஸைக் கழற்றி மதியம் எடுத்த படத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

பி.ஆர்.கே. என்ற இன்னொரு லேசர் முறையில் ஃபிளாப் கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் வைக்கிறார்கள். கார்னியா மெலிந்தவர்களுக்கும், கபடி, குத்துச்சண்டை போல முகத்தில் அடிபடும் விளையாட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே பொருத்தம். லேசிக் ஃபிளாப் வருடங்கள் கழித்துக்கூட அடிபட்டு நகரலாம். ஆனால் மேல்தோல் வளரும் மூன்று முதல் ஐந்து நாட்கள் நல்ல வலி இருக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். அதிக பவருக்குச் செய்தால் கார்னியாவில் மங்கல் படிய வாய்ப்புண்டு. அதைத் தடுக்க 0.02 சதவீத மைட்டோமைசின் என்ற மருந்தை வைப்பார்கள். பின்னர் நம் ஊர் வெயிலில் கூலிங் கிளாஸ் இல்லாமல் வெளியே போகக் கூடாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீண்ட நாள் போட வேண்டியிருப்பதால் கண் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 'பார்வைதான் நன்றாக இருக்கிறதே' என்று மறு பரிசோதனைக்கு வராமல் சொட்டு மருந்தை மட்டும் தொடர்வது மிகப் பெரிய ஆபத்து.

ஸ்மைல் என்ற மூன்றாவது லேசர் முறையில் கார்னியாவுக்கு உள்ளேயே வில்லை போல் வெட்டி, 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக உருவி எடுக்கிறார்கள். நரம்புகள் குறைவாக வெட்டுப்படுவதால் கண் வறட்சி சற்றுக் குறைவு. ஆனால் மெலிந்த கார்னியாவுக்கு இது பாதுகாப்பு என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். இதன் பிறகும் கார்னியா பிதுங்கியவர்கள் உண்டு.

பவர் மிக அதிகமாக இருந்து கார்னியாவில் இடமில்லாதவர்களுக்கு ஐ.சி.எல். உண்டு. கருவிழித் திரைக்குப் பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் வைக்கும் லென்ஸ் அது. கார்னியாவை இழைப்பதில்லை, வேண்டாமென்றால் எடுத்தும் விடலாம். இதற்குக் கண்ணின் முன்னறை ஆழம், அதாவது கார்னியாவுக்கும் இயற்கை லென்ஸுக்கும் இடையிலான தூரம், பொதுவாக 2.8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. லென்ஸின் அளவு சிறிதானால் இயற்கை லென்ஸில் உரசிக் கண்புரை வரலாம். பெரிதானால் கண் அழுத்தம் ஏறலாம். கண்ணைத் திறந்து செய்யும் அறுவை என்பதால் உள்ளே கிருமி புகும் வாய்ப்பு, மிக அரிதென்றாலும், இருக்கிறது.

எந்த முறையானாலும் நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வரும், படிக்கக் கண்ணாடி தேவைப்படும். நீண்டுபோனதால் மைனஸ் பவர் வந்த கண், லேசருக்குப் பின்னும் நீண்டே இருக்கும். விழித்திரை கிழியும் அபாயம் குறையாது. கண்மணியை விரிக்கும் மருந்து ஊற்றி விழித்திரையைப் பார்க்காமல் தேதி கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு முயல்பவர்கள் லேசர் சிகிச்சை செய்துகொண்டால் மருத்துவத் தகுதியை இழப்பார்கள். மற்றத் தேர்வு எழுதுபவர்களும் அறிவிப்பில் உள்ள கண் விதிகளைப் படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக, பலர் தூக்கி எறிந்துவிடும் அறிக்கைகள் பற்றி. மெலிந்த கார்னியாவில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். லேசர் செய்தது தெரியாத மருத்துவர், பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா நோயைத் தவறவிடலாம். அறுபது வயதில் கண்புரை அறுவையின்போது லென்ஸ் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரமும் இந்தக் கண்ணில் பிசகும். லேசருக்கு முந்தைய கண்ணாடிப் பவர், கெரட்டோமீட்டர் அளவு (கார்னியாவின் வளைவு), கார்னியா தடிமன், டோப்போகிராஃபி படம், எத்தனை மைக்ரான் எடுக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றின் நகலை அன்றே கேட்டு வாங்கி, பட்டா பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். இந்தப் பட்டியலையாவது அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண் மருத்துவர் ஒருவர்,
திருச்சி