அலமாரிக்கு மூக்கு வை

அன்புள்ள குமரா,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. பதில் போடாததற்குச் சொல்லச் சாக்கு ஒன்றும் கையில் இல்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். நெட்டையன் அதே வேலையில்தான் இருக்கிறான், அதே சட்டைதான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

இப்போது அவசரமாக எழுதக் காரணம், வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்க்க நீ வரைந்து அனுப்பிய படம். நேற்றுத்தான் நிதானமாக விரித்துப் பார்த்தேன். இரண்டடிக்கு இரண்டடி, ஆறடி உயர இரும்பு அலமாரி. உச்சியில் 100 வாட் வெள்ளை எல்இடி பலகை. உள்சுவரெல்லாம் வெள்ளைப் பெயின்ட். அடியில் மிளகாய் நான்கு தொட்டி, நடுத்தட்டில் லெட்யூஸ் என்ற சாலட் கீரை. விளக்கைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். காற்றைப் பற்றி ஒரே ஒரு அம்புக்குறி: கதவோரத்தில் ரப்பர் பட்டை, 'காற்றுப் புகாதபடி'. ஏண்டா, செடி வளர்க்கிறாயா, செடிக்குச் சீல் வைக்கிறாயா?

நீ கேட்பாய், அந்தக் காலத்து லண்டன் டாக்டர் நத்தானியேல் வார்டு கண்ணாடிப் பெட்டியில் மூடித்தானே செடி அனுப்பினார் என்று. அனுப்பினார்தான். 1829ல் லண்டனில் மூடிய பாட்டிலுக்குள் தானாக முளைத்த பெரணியைப் பார்த்து யோசனை பிடித்தவர், 1833ல் அதே மாதிரிப் பெட்டிகளைக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். ஆனால் அந்தப் பெட்டிக்கு வேலை செடியைச் சாகாமல் கொண்டு சேர்ப்பது. குறைந்த வெளிச்சத்தில் பெரணி மெல்ல மூச்சு விடும், மண்ணில் மட்கும் இலை கொஞ்சம் கரியமில வாயு கொடுக்கும், வரவும் செலவும் சரியாகப் போகும். நீ அப்படியா? 100 வாட்டைத் தலைக்கு மேல் எரித்துக்கொண்டு 'வளர், வளர்' என்று விரட்டப் போகிறாய்.

கணக்குப் போட்டுப் பார். உன் அலமாரியின் கொள்ளளவு சுமார் 680 லிட்டர். காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு, இருக்கிறது. அப்படியென்றால் கதவை மூடியதும் உள்ளே சிக்கியிருப்பது கால் லிட்டருக்குச் சற்று மேல், எடையில் அரை கிராம். அதிலிருக்கும் கரியை முழுசாக உறிஞ்சினாலும் செடியால் கட்ட முடிவது கால் கிராம் சொச்சம் உலர்ந்த இலை. அவ்வளவுதான் சரக்கு. இலை அடர்ந்த செடிகள் நல்ல வெளிச்சத்தில் இதில் பாதியை அரை மணி நேரத்தில் காலி செய்துவிடும். அதன்பிறகு நீ எரிக்கும் கரண்ட் இலையைச் சூடாக்கத்தான்.

இதுகூட இரண்டாவது பிரச்சினைதான். முதலாவது சூடு. எல்இடி சூடாகாது என்று நம் வாத்தியார் மாதிரி நீயும் நம்புகிறாய். 100 வாட் உள்ளே போனால் 100 வாட்டும் கடைசியில் சூடுதான். இலை குடித்த வெளிச்சத்தில் ஒன்றிரண்டு சதவீதம் சர்க்கரையாகத் தங்கும், மிச்சம் அதே பெட்டிக்குள் அனல். ஒரு கனமீட்டர் காற்றை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1200 ஜூல் போதும். பெட்டி அறையைவிட 3 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால், மணிக்கு 100 கனமீட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும்.

120 மில்லிமீட்டர் கணினி விசிறியின் அட்டையில் கிட்டத்தட்ட அதே அளவைப் போட்டிருப்பான். அது திறந்தவெளிக் கணக்கு. வலையும் ஓட்டையும் குறுக்கே வந்தால் பாதிதான் தேறும். ஆகவே இரண்டு விசிறி வை, 12 வோல்ட், ஒரே அடாப்டரில். இரண்டும் பின்பக்கம் உச்சியில், காற்றை வெளியே இழுக்கும்படி. உள்ளே ஊதும்படி வைக்காதே. ஊதினால் விளக்கடிச் சூடு செடிமேலேயே இறங்கும். இழுத்தால் கீழிருந்து புதுக்காற்று செடியைக் கடந்து, விளக்கைத் தொட்டு, சூட்டோடு வெளியேறும்.

இழுக்கிற விசிறிக்கு வழி வேண்டாமா? உன் படத்தில் கீழே ஒரு ஓட்டைகூடக் கிடையாது. விசிறி ஒன்றின் வாய் சுமார் 113 சதுர சென்டிமீட்டர், இரண்டுக்கும் 226. கீழே திறக்கும் பரப்பு அதற்கு இரு மடங்காவது இருக்கட்டும்: 12 சென்டிமீட்டர் வட்டம் நான்கு, அடித்தட்டிலிருந்து ஒரு கை உயரத்தில், பக்கத்துக்கு இரண்டாக. பூச்சிக்கு வலை கட்டினால் இன்னும் ஒன்று கூட்டு. மெல்லிய வலை காற்றை நிறைய மறிக்கும். சரியா தப்பா என்று பார்க்க ஒரு மெல்லிய காகிதத்தைக் கீழ் ஓட்டையருகே பிடி. உள்பக்கமாக இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி. சும்மா தொங்கினால் மேலே விசிறி வெறுமனே சத்தம் போடுகிறது.

ஒன்றை மறக்காதே: எத்தனை விசிறி வைத்தாலும் அலமாரி அறையைவிடக் குளிராது. அறை 32 டிகிரி என்றால் உள்ளே 35, மிளகாய்ப்பூ காம்போடு உதிரும். அதற்கு மருந்து விசிறியில் இல்லை, டைமரில் இருக்கிறது. விளக்கை மாலை 6க்கு ஏற்றிக் காலை 8க்கு அணை. செடிக்கு எது பகல் என்று நீதான் தீர்மானிக்கிறாய்.

டைமர் என்றதும் எனக்குக் கோபமே வந்த இடம் ஞாபகம் வருகிறது. விளக்கையும் விசிறியையும் ஒரே டைமரில் மாட்டியிருக்கிறாய். அதாவது விளக்கு அணைந்ததும் விசிறியும் நிற்கும். வளர்ந்த மிளகாய்ச் செடிகளுக்கு நீ நாளைக்கு ஒரு லிட்டர் ஊற்றினால், அதில் மிகச் சொற்பம்தான் செடியில் தங்கும். மற்றதெல்லாம் இலை வழியே காற்றுக்குப் போகிறது. ஒரு லிட்டர் ஆவியாவதற்கு 14 மணி நேர விளக்குச் சூட்டில் கிட்டத்தட்ட 50 வாட் செலவாகிவிடும். பெரிய செடி நிற்கும் பெட்டி சின்னச் செடி நிற்கும் பெட்டியைவிடச் சூடு குறைவாகத் தெரிவது இதனால்தான். சூடு எங்கும் போகவில்லை, ஈரமாக வேஷம் கட்டியிருக்கிறது. 26 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்று வை. அந்தக் காற்று 20 டிகிரிக்கு இறங்கினால் போதும், பனி பிடிக்கும். விளக்கு அணைந்ததும் முதலில் குளிர்வது இரும்புத் தகடு. கதவைத் திறந்து உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார். விரல் நனைந்தால் இலையும் நனைந்திருக்கும், இரண்டு வாரத்தில் சாம்பல் பூஞ்சையும் வரும். விசிறி 24 மணி நேரமும் ஓடட்டும். விளக்குக்கு மட்டும் டைமர்.

வெளியே இழுக்கும் விசிறி வேறு, உள்ளே அசைக்கும் விசிறி வேறு. உள்ளே சின்னதாக இன்னொன்று வேண்டும், சுவரைப் பார்த்துத் திருப்பி வை. இலை லேசாக நடுங்க வேண்டும், படபடக்கக் கூடாது. ஒரே இலையில் நேராக அடித்தால் ஓரம் காய்ந்து சுருளும். இந்த நடுக்கத்துக்கு என்ன அவசியம் என்றால், லெட்யூஸ் வைத்தவர்கள் எல்லோரும் ஒருநாள் உன்னிடம் வந்து புலம்பப் போவது இதைத்தான்: வெளி இலை ஜம்மென்று இருக்கும், நடுக்குருத்தைப் பிரித்தால் குட்டி இலைகளின் ஓரம் மட்டும் ஊதுவத்தியால் சுட்ட மாதிரி பழுப்பாக இருக்கும். கால்சியம் குறைவு. உடனே எல்லோரும் உரத்தில் கால்சியத்தைக் கொட்டுவார்கள், ஒன்றும் மாறாது. உரத்தில் கால்சியம் இருக்கிறது, குருத்துக்குப் போகவில்லை. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டும்தான் மேலே ஏறும்; நீரை இழுப்பது இலையிலிருந்து ஆவியாவது. உள்ளே மூடிக் கிடக்கும் குருத்தைச் சுற்றி ஈரக்காற்று தேங்கி நின்றால் அங்கே ஆவியாவது கிடையாது, நீர் ஏறாது, கால்சியமும் ஏறாது. மேலிருந்து மெல்லிய காற்று குருத்துக்குள் இறங்கும்படி விசிறியைத் திருப்பினாலே அடுத்த இலைகள் சுத்தமாக வரும். விளக்கைக் கொஞ்சம் குறைப்பதும் உதவும். வேகமாக வளரும் குருத்துக்குத்தான் இந்த நோய்.

மிளகாய்க்கும் அந்த நடுக்கம் வேண்டும். பூ தன்னைத்தானே சூல் கொள்ளும், ஆனால் மகரந்தம் உதிர ஒரு அசைவு தேவை. அலமாரிக்குள் தேனீ வரப்போவதில்லை. பூக்கும் காலத்தில் தினமும் தண்டை ஒரு தட்டுத் தட்டு.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன், நீயே போதுமான அளவு எழுதிவிட்டாய். சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த அந்த ஊதா விளக்கை வாங்காமல் விட்டாயே, அதற்கு ஒரு சபாஷ். 1972ல் கீத் மெக்ரீ 22 பயிர்களின் இலையை வைத்து அளந்து, பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று காட்டிவிட்டார். ஊதாவில் இலையின் உண்மை நிறமே தெரியாது. மஞ்சள் விழுந்தாலும் கண்ணில் படாது. உன் கைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அளவி தோராயம்தான், ஆனாலும் போதும்: நாற்றுக்கு 10,000, லெட்யூஸுக்கு 15,000 லக்ஸில் 16 மணி நேரம், மிளகாய்க்கு 30,000க்குக் குறையாமல் 14 மணி நேரம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி என்ற உன் கணக்கு ஒற்றைப் புள்ளி விளக்குக்கு. வெள்ளைச் சுவருக்குள் நிற்கும் பலகைக்குப் பொருந்தாது. சுவருக்குப் பளபளக்காத வெள்ளையே நல்லது. அலுமினியத் தாள் ஒட்டாதே, கசங்கல்தான் மிஞ்சும்.

அதோடு, நடுத்தட்டில் லெட்யூஸ் வைத்தால் அடியில் நிற்கும் மிளகாய்க்கு வெளிச்சம் எந்த வழியாக வரும்? யோசித்தாயா? தட்டைக் கழற்று. லெட்யூஸ் 20 டிகிரியை ஒட்டிச் சந்தோஷமாக இருக்கும், மிளகாய் 25ஐத் தாண்டிக் கேட்கும். ஒரே பெட்டியில் இரண்டும் வேண்டாம். முதலில் லெட்யூஸ் போடு. தப்புச் செய்தால் ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மிளகாயில் அதே தப்பு தெரிய நான்கு மாதம் ஆகும். அப்புறம் மிளகாய் வைத்தாலும் இரண்டு தொட்டி போதும்.

தொட்டியில் நிரப்பத் தென்னைநார்க் கழிவு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகள். கழிவை உப்புப் போக அலசு. உரத்தண்ணீரின் புளிப்பைக் காட்டும் பிஎச் 5.8 முதல் 6.2, உரச்செறிவைக் காட்டும் இசி லெட்யூஸுக்கு 1.2 முதல் 1.6, காய்க்கும் மிளகாய்க்கு 2 சுமார். கால்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் கெட்டிக் கரைசலாக ஒன்றாய்ச் சேர்த்தால் பால் மாதிரித் திரிந்து ஜிப்சம் படியும். தனித்தனியாக நீர்த்தபின் சேர். தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்தால் மட்டும் தண்ணீர் விடு. மேற்பரப்பு எப்போதும் ஈரமாக இருந்தால் கறுப்புக் கொசு மாதிரிச் சின்ன ஈ வரும், அதன் புழு வேரைத் தின்னும்.

இனி விளையாட்டு இல்லை, இதைக் கவனமாகப் படி. உன் படத்தில் பவர் ஸ்ட்ரிப் அலமாரியின் அடித்தட்டில், தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளக்குக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டியும் உள்ளே. இரும்புப் பெட்டி, ஈரம், கரண்ட், மூன்றும் ஓரிடத்தில். டிரைவரை வெளியே அலமாரியின் தலைமேல் வை. அதன் பத்து வாட் சூடும் உள்ளே வராது. பவர் ஸ்ட்ரிப்பைத் தொட்டிகளுக்கு மேலான உயரத்தில் வெளிச்சுவரில் மாட்டு. ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். கம்பி வழியே வடியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் கம்பியை நுழைக்காதே, விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும். அலமாரி உடலுக்கு எர்த் கொடு; திருகு உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டு, பெயின்ட் மேல் கொடுத்த எர்த் எர்த்தே இல்லை. அந்த இணைப்பில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் போட்டுவிட்டுத்தான் விளக்கை ஏற்று. இதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும், நீயும் வேண்டாம், நெட்டையனும் வேண்டவே வேண்டாம். ஓரத்தில் கூடுதல் வெளிச்சத்துக்குச் சாதா எல்இடி பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றி மாட்டுவதாக எழுதியிருக்கிறாயே, அதை இப்போதே அடித்துவிடு. பல பல்புகளில் உள்ளே இருக்கும் புள்ளிகளில் வீட்டுக் கரண்ட் நேரடியாக ஓடும். ஈரக்கையோடு ஒரு முறை தொட்டால் போதும்.

ரப்பர் பட்டை வாங்கிவிட்டாயென்றால் வீணாக்காதே, கதவின் மேல் பாதிக்கு மட்டும் ஒட்டு. அங்கே கசிந்தால் விசிறி குறுக்குவழியில் அறைக்காற்றை இழுக்கும், கீழே செடிக்கு ஒன்றும் போகாது. கீழ் ஓட்டை நான்கையும் போட்டபின் படம் எடுத்து அனுப்பு. காகிதம் ஒட்டியதா என்றும் எழுது. வாத்தியாரைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்