மெஷின் மரவேலை கற்க வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மரச்சிற்பிகள் சி.என்.சி. மெஷின் (கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டும் இயந்திரம்) ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டுரையைப் படித்தேன். உளி பிடிக்கும் நானும் அந்த மெஷினில் வேலை செய்கிறவன்தான். வேண்டாத மரத்தைக் கழித்துத் தள்ளுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதை வடிவமைப்பவர்கள் மரவேலையை எப்போது கற்றுக்கொள்வார்கள்?

செதுக்கும்போது மரத்தின் ரேகை, அதாவது நார் ஓடும் போக்கைப் பார்த்து உளியின் திசையை மாற்றுவோம். எதிர்ரேகையில் வெட்டினால் சிராய் பெயர்ந்து வரும். உள்ளே கணு தென்பட்டால் ஒரு இலையைச் சற்றுத் தள்ளி அமைப்போம். சி.என்.சி.யில் முழு உருவமும் முதலிலேயே கணினியில் முடிந்திருக்க வேண்டும். பிட் எனும் வெட்டுமுனை போகும் பாதை, ஜி-கோடு என்ற மெஷின் கட்டளைகளாக வரிவரியாக எழுதப்பட்டுவிடும். பாதியில் நிறுத்தலாம்தான். ஆனால் இடையில் நான் உளியால் மாற்றியது அதற்குத் தெரியாது. மறுபடி ஓடவிட்டால் பழைய வரைபடத்தின்படியே போய் என் இலையைத் தின்றுவிடும்.

சுழலும் பிட்டால் உள்மூலையைக் கூராக வெட்டவும் முடியாது. 6 மி.மீ. பிட் என்றால் மூலையில் 3 மி.மீ. ஆரத்தில் வளைவு நிற்கும். அதைக் கூராக்குவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் சிற்பிக்கு. உருவத்தைத் தீர்மானிப்பது கணினி முன் இருப்பவருக்கு. இந்தப் பங்கீடுதான் என்னை உறுத்துகிறது.

வேறு விதமாகவும் செய்யலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் அமித் ஸோரன் உருவாக்கிய 'ஃப்ரீ-டி' கையில் பிடித்துச் செதுக்கும் கருவி. கை போன போக்கில் விடும். கணினியில் உள்ள வடிவத்தை நெருங்கும்போது மட்டும் வேகத்தைக் குறைக்கும், அல்லது பிட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வேண்டுமென்றால் அந்தத் தடையையும் மீறலாம். நார்வேயின் டிசி2 என்ற கைத்தறியில் பாவு (நீளவாக்கு) நூல்களைத் தனித்தனியாகத் தூக்குவது கணினி, ஊடை (குறுக்கு நூல்) போடுவது நெசவாளியின் கை. நாலு இழை ஓட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் அங்கேயே நூலை மாற்றிக்கொள்ளலாம்.

மரத்துக்கும் அப்படி வேண்டும். ரேகையின் போக்கை மென்பொருளில் குறிக்க வழி வேண்டும். நான் கைவைத்த பிறகு மரத்தை மறுபடி அளந்து, அங்கிருந்து தொடரத் தெரிய வேண்டும். விற்பவர்களோ மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குத் துல்லியம் பற்றியே பேசுகிறார்கள். ஈரக்காற்றில் பலகை அகலவாக்கில் ஊதுவது அதைவிடப் பல மடங்கு!

செய்துகாட்டவும் எம்.டி.எஃப். பலகையைத்தான் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) வைக்கிறார்கள். அதில் ரேகையும் இல்லை, கணுவும் இல்லை. அடுத்த மெஷினையாவது கணு உள்ள மரத்தில், உளிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சோதிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மரச்சிற்பி