நைனாவுக்குக் கோபம் இல்லை

ராயபுரம்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. டிவியை ஆம்ப்ளிபயரில் சொருகினால் பாட்டு கிழிந்துபோய் வருகிறது, கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் என்றாய். அந்த நேரம் பார்த்து வெளியே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள். ஹாரன் சத்தத்தில் நீ சொன்னதில் பாதி எனக்கு விழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைப் போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும்.

முதலில் உன் வீட்டு செட்டு. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை அந்தச் சிவப்பு வெள்ளை ஒயரை 'போனோ' என்று போட்டிருக்கிற இடத்தில் சொருகியிருக்கிறார். அது இசைத்தட்டு முள்ளுக்கான இடம். முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதனால் அந்த வாசலில் வருகிற எதையும் ஆம்ப் பல மடங்கு பெருக்கும், கீழ்ச்சுருதிச் சத்தமான பாஸையும் தூக்கிக் கொடுக்கும். டிவி பக்கத்திலிருந்து வருவது ஒன்றிரண்டு வோல்ட். கிழியாமல் என்ன செய்யும்? 'ஆக்ஸ்', 'டியூனர்', 'சிடி' இதில் எதில் வேண்டுமானாலும் மாற்றிச் சொருகு. மாற்றும்போது ஆம்பை அணைத்துவிடு.

முனகல் எர்த் சமாச்சாரம். டிவிக்கு வருகிற டிஷ் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை கேட்டுப் பார். முனகல் நின்றால் அந்த ஒயர் வழியாகத்தான் இன்னொரு எர்த் வந்து சுற்றுகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 30 வருஷம் இதோடுதான் மல்லுக்கட்டினேன், கேட்ட உடனே தெரிந்துவிடும். இதற்கு நல்ல வழி, டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயரில் சத்தத்தை எடுப்பது. அதில் ஓடுவது வெளிச்சம், கரண்ட் இல்லை. எர்த் தாண்டி வர வழியே கிடையாது. நம் வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

தீபாவளிக்கு நீ வாங்கி அனுப்பிய 43 இஞ்ச் டிவியில் ஹெட்போன் ஓட்டை இல்லை. பின்னால் ஆப்டிகல் இருந்தது. ரிச்சி தெருவில் 'ஆப்டிகல் டு ஆர்சிஏ கன்வெர்ட்டர்' என்று கேட்டால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டப்பா தருவார்கள், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் டிவி, மறுபக்கம் ஆம்ப். ஆர்சிஏ என்றால் அந்தச் சிவப்பு வெள்ளை ஒயர்தான். ஆப்டிகல் ஒயரின் இரண்டு முனையிலும் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்ற வேண்டும். நான் கவனிக்காமல் ஒரு சாயங்காலத்தை வீணாக்கினேன். டிவியில் சொருகிய பிறகு மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒயரைச் சுவர் மூலையில் மடித்து நசுக்காதே. பிறகு டிவி செட்டிங்கில் டிஜிட்டல் சவுண்ட் என்று வருகிற இடத்தில் 'பி.சி.எம்.' என்று மாற்று, அது சுருக்காத சத்தம். 'ஆட்டோ'வில் விட்டால் சில நேரம் டால்பியாகச் சுருக்கி அனுப்பும், இந்த மலிவு டப்பாவுக்கு டால்பி புரியாது, மௌனமாக உட்கார்ந்திருக்கும். டிவியின் சொந்த ஸ்பீக்கரையும் அணைத்துவிடு, இல்லாவிட்டால் இரண்டும் முன்பின்னாக எதிரொலிக்கும்.

பாட்டை போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பாதே, 'காஸ்ட்' பண்ணு. புளூடூத் என்றால் உன் போன்தான் முழுப் பாட்டையும் சுமந்து, மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும். காஸ்ட் பண்ணினால் எந்தப் பாட்டு என்று போன் சொல்வதோடு சரி, டிவியே நேராக வைபையிலிருந்து எடுத்துக்கொள்ளும். படத்தை மட்டும் அணைத்துவிட்டுச் சத்தத்தை விடுகிற வசதி உன் டிவியிலும் இருக்கும், தேடிப் பார்.

நம் செட்டு உனக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? 1994-ல் முதல் போனஸ் அரியரில் வாங்கிய சோனோடைன். பத்து வருஷம் துணி மூடிக் கிடந்தது. காசிமேட்டு உப்புக்காற்று பின்பக்க சாக்கெட்டை எல்லாம் பச்சை பூக்க வைத்திருந்தது, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காது குடைகிற பஞ்சால் துடைத்துத் துடைத்து விரல் வலித்தது. ஸ்பீக்கரின் ஓரத்து ஃபோம் தொட்டாலே மாவாக உதிர்ந்தது, அதை மட்டும் ரிச்சி தெருவில் கொடுத்துப் புதுசு ஒட்டி வாங்கினேன்.

இவ்வளவு பாடுபட்டது பாட்டுக்காக இல்லை. டிவி சத்தத்துக்காக. உங்க நைனா வால்யூமை 60, 70 என்று வைப்பார். எதிர் போர்ஷன் பாட்டி மூன்று தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த ஒல்லி டிவிக்கு ஸ்பீக்கர் அடியில், தரையைப் பார்த்து இருக்கிறது. அதனால்தான் புரியவில்லை போலிருக்கிறது, பெரிய ஸ்பீக்கரில் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

முதல் நாள் ராத்திரி நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். அவர் திருவொற்றியூரில் மாசித் திருவிழா பார்த்து வளர்ந்தவர் ஆயிற்றே, சின்ன வயதில் சாமி பின்னாலேயே நாலு மாட வீதியும் சுற்றுவாராம், தவிலுக்குப் பக்கத்தில் நிற்பதற்காக. ஸ்பீக்கர் இரண்டும் ஷோகேஸின் கீழ்த்தட்டில் இருந்தன. கேட்டார். 'ம், நல்லா இருக்கு' என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. மறுநாள் இரண்டையும் முக்காலி மேல் ஏற்றி, அவர் உட்காருகிற நாற்காலியைப் பார்த்துத் திருப்பினேன். மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கரின் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், காது உயரத்தில் இருந்தால்தான் முழுசாக வந்து சேரும். மேல்சுருதிச் சத்தத்தைத் தூக்குகிற ட்ரெபிள் குமிழையும் முக்கால்வாசி திருப்பினேன். எனக்குக் கொஞ்சம் கூசியது.

அதே கச்சேரி. பல்லவியில் தவில் உள்ளே வந்த இடம். உங்க நைனா கையைத் தூக்கி என்னை நிறுத்தச் சொன்னார். 'இரு, இரு. ஜால்ரா போடறாங்க பாரு' என்றார்.

'நேத்தும் போட்டாங்களே' என்றேன்.

'நேத்து ஜால்ரா இல்லையே' என்றார்.

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. ட்ரெபிளைப் பழைய இடத்துக்குத் திருப்பி, 'இப்ப?' என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி ஏற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் அந்தத் தாளத்தைப் போட்டார். அவர் எத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லையோ.

31 வருஷம் பட்டறையில் தகடு அடித்தவர். ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத சத்தம் அது. 85 டெசிபலில் 8 மணி நேரம் நின்றாலே காதுக்குக் கெடுதல் என்கிறார்கள், அங்கே சுத்தியல் சத்தம் அதற்கு எவ்வளவோ மேலே. காதில் அடைக்க ஒன்றும் தரவில்லை, இவரும் கேட்கவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்ட காகிதத்தை டாக்டர் எனக்குக் காட்டினார். கீழ்ச்சுருதியில் நன்றாகவே போகிற கோடு 3000 ஹெர்ட்ஸ் தாண்டியதும் கிணற்றில் விழுகிற மாதிரி இறங்குகிறது. 4000-ல்தான் அடிமட்டம், இரண்டு காதிலும். போனது திரும்பாதாம். ஆனால் காது மெஷின் வைத்தால் நிறைய உதவும் என்றார்.

இனிமேல்தான் உன்னிடம் சொல்ல வேண்டியது.

நீ புனேக்குப் போகும்போது நைனா வேண்டாம் என்றார், வாஸ்தவம். போன பிறகு போனில் உன்னோடு பேசவே இல்லை, அதுவும் வாஸ்தவம். 'ம்... சரி... அம்மாகிட்ட தரேன்' என்று இரண்டே வார்த்தையில் போனை என் கையில் கொடுத்துவிடுவார். மூன்று வருஷமாக அதைக் கோபம் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்து, அவரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

அவருக்கு நீ பேசுவது புரியவில்லை, கண்ணு. 'அ', 'ஆ' எல்லாம் கீழே இருக்கிற சத்தம், அது விழுகிறது. வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிற ச, த மாதிரி எழுத்துகளின் சத்தம் பெரும்பாலும் மேலே. 'சட்டை' என்றாலும் 'தட்டை' என்றாலும் அவருக்கு ஒன்று. ஆம்பளைக் குரல் என்றால் கொஞ்சமாவது சமாளிக்கிறார், உன் குரலும் பாப்பா குரலும் அவருக்கு வெறும் காற்று. பாப்பா 'தாத்தா' என்று கூப்பிடும்போது ஏதோ அழுகிற மாதிரி கேட்கிறதாம். தப்பாகப் பதில் சொல்லி உன் மனசை நோகடிக்கக் கூடாது என்றுதான் போனை என்னிடம் தள்ளினாராம், ஸ்டான்லியிலிருந்து ஆட்டோவில் வரும்போது சொன்னார். கல்மண்டபம் வரைக்கும் வேறு எதுவும் பேசவில்லை.

என்னை எது அறுக்கிறது தெரியுமா? டெலிபோன் லைனில் 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலை விடுவோம். ஆயிரம் தடவை மீட்டர் வைத்து அளந்த எண் அது. மேலே இருப்பதை லைன் வெட்டிவிடும், மிச்சத்தை அவர் காது வெட்டிவிடும் என்று என் வீட்டுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது வருகிற நெட் கால் இதைவிட அகலம்தான், ஆனால் சிக்னல் இளைத்தால் குரல் உடைகிறது. போனின் பொட்டு ஸ்பீக்கரில் அதையும் அவரால் பிடிக்க முடியவில்லை.

ஆகையால் எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். போன் ரெக்கார்டரில் உன் குரலைப் பதிவு செய்து மெயிலில் அனுப்பு. ஃபேனையும் குக்கரையும் நிறுத்திவிட்டு, திரைச்சீலை போட்ட படுக்கை அறையில் உட்கார்ந்து, போனை வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்துக்கொள். கத்தாதே, கத்தினால் இன்னும் குழம்பும். கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். எம்.பி.3 ஆக வந்தால் பென் டிரைவில் போட்டு டிவியில் சொருகிவிடுவேன், செட்டில் வந்துவிடும். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். ஆபீஸில் என்ன நடந்தது, அங்கே என்ன மீன் கிடைக்கிறது, நீ வைத்த குழம்பு எப்படி வந்தது, இதெல்லாம் சொல். பாப்பாவையும் நாலு வார்த்தை பேச விடு.

மெஷினுக்கு அளவெடுக்க அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் வேண்டாம் என்றவர், இப்போது சட்டையை இஸ்திரி போட்டு வைக்கச் சொல்கிறார். அது வரும் வரைக்கும் இந்தச் செட்டுதான்.

சனிக்கிழமை ராத்திரிக்குள் அனுப்பிவிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் காசிமேட்டிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்து, கை கழுவி, அந்த நாற்காலியில்தான் உட்காருவார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை. ட்ரெபிளை அதே இடத்தில் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா