தமிழ்நாட்டு டிவி மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். நான் திருச்சியில் வசிப்பவன். பழைய வீடியோ கேம் பெட்டிகளைத் தேடிச் சேர்ப்பதும், ஓடாதவற்றை ஓட வைப்பதும், ஓடுகிறவை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் பதினோரு ஆண்டுகளாக என் ஓய்வு நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கும் வேலைகள். இந்தப் பெட்டிகள் இன்னும் இருபது ஆண்டுகள் விளையாடும் நிலையில் இருக்குமா என்ற கேள்விக்கான விடை உங்களிடம்தான் இருக்கிறது என்று நம்புவதால், இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் எங்கள் பகுதியிலுள்ள பழைய இரும்புக் கடைக்கு, யாராவது எடைக்குப் போட்ட ஜாய்ஸ்டிக் ஏதேனும் கிடைக்குமா என்று பார்க்கப் போயிருந்தேன். வாசலில் ஏழு 14 அங்குல டிவிகள் அடுக்கியிருந்தன. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடுகளுக்கு வந்து, பிறகு பரணில் ஏறி, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறக்கப்பட்டவை அவை என்று கடைக்காரர் சொன்னார். அவற்றில் இரண்டையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று நான் விலை கேட்டுக்கொண்டிருந்தபோதே, கடைப் பையன் ஒரு பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, பிக்சர் ட்யூபின் கழுத்தில் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினான். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. கழுத்தைச் சுற்றியிருந்த செம்புச் சுருளான யோக்கை உருவிச் செம்புக் கம்பிகள் கிடந்த சாக்கில் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. செம்புக்கு விலையுண்டு, ட்யூபுக்கு இல்லை என்பதுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு. ஆனால் உலகெங்கும் என்னைப் போன்றவர்கள் தேடி அலைகிற ஒரு பொருள், தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பொருள், இப்படி அரை நிமிடத்தில் இல்லாமற்போவதைப் பார்த்த பிறகு, வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் மனம் செல்லவில்லை.

வீடியோ கேம் சேகரிக்கிறவனுக்குப் பழைய டிவி எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். 1990-களில் நம் ஊர்களில் விற்ற டிவி கேம் பெட்டிகளோடு ஒரு துப்பாக்கி வரும், நினைவிருக்கும். புல்வெளியிலிருந்து வாத்து பறக்கும், சுட்டால் விழும். அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, அது பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைக் கண்டால் குறி சரி என்று பொருள். ட்யூபின் மேல் எலக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடும்போது எழும் வெளிச்சத் துடிப்புக்கென்றே அந்த உணரியின் சர்க்யூட் அமைக்கப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. டிவியிலோ அந்தத் துடிப்பே கிடையாது. உள்ளே வந்த படத்தைச் சற்று நேரம் வைத்திருந்து சீர்செய்த பிறகே அது திரைக்கு அனுப்புவதால், வெள்ளைக் கட்டம் வருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. எவ்வளவு அருகில் நின்று சுட்டாலும் வாத்து விழாது.

துப்பாக்கி இல்லாத ஆட்டங்களுக்கும் இதே தொல்லைதான். பெட்டி ஒவ்வொரு முறையும் ஒரே வரிகளின் மேலேயே படத்தை வரைந்துகொண்டு போகிறது. இன்றைய டிவிகளில் பல, அதை ஒன்றுவிட்டு ஒரு வரியாக வருகிற ஒளிபரப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு, இல்லாத வரிகளை இட்டு நிரப்பி, படத்தைக் குழப்பிவிடுகின்றன. பொத்தானை அழுத்துவதற்கும் மரியோ தாவுவதற்கும் இடையில் ஒரு தயக்கம் வருகிறது. சிறு வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் இப்போது விழுகிறோம். செல்பேசியிலேயே இந்த ஆட்டங்கள் கிடைக்கின்றனவே என்பவர்களுக்கும் என் பதில் இதுதான்: படம் கிடைக்கிறது, கைக்கும் கண்ணுக்கும் இருந்த அந்த ஒட்டுறவு கிடைப்பதில்லை.

இந்தப் பெட்டிகளின் மூலமான ஃபேமிகாமை ஜப்பானின் நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003-இல் தயாரிப்பை நிறுத்தியது. உதிரிப் பாகங்கள் தீர்ந்துவிட்டதால் 2007-இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்திக்கொண்டது. ஆனால் நம் வீடுகளுக்கு வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த ஃபேமிகாமின் நகல்கள். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகரங்களின் எலக்ட்ரிக்கல் கடைகளிலும் வாங்கி, 'பல இலட்சம் ஆட்டங்கள்' என்று அச்சிட்ட கேசட்டைச் சொருகி விளையாடிய அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குச் செய்தவர் யார் என்றே தெரியாது. எழுதிக் கேட்க முகவரியும் கிடையாது. ஆகவே ஜப்பானில் 2007-இல் ஏற்பட்ட நிலை நமக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது. அடாப்டர் சுட்டாலும், ஏ.வி. ஒயர் அறுந்தாலும், படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலும் பிள்ளைகள் ஓடிவந்தது உங்கள் கடைகளுக்குத்தான். வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டி அனுப்புவது என்.டி.எஸ்.சி. என்ற வண்ண முறை, வீட்டு டிவிக்குத் தெரிந்தது பால் என்ற வேறொரு முறை, அதனால்தான் வண்ணம் வரவில்லை என்பதை எனக்கு முதலில் சொன்னவரும் ஒரு டிவி மெக்கானிக்தான். இதுபற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. நான் அறிந்தவரை உங்களுக்கு யாரும் நன்றி சொன்னதும் இல்லை.

உங்கள் கை எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் என் டிவி ஒன்றில் படம் முழுவதும் சுருங்கி, திரையின் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடாக நின்றுவிட்டது. ட்யூப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, "வெர்டிகல் நின்னுருக்கு தம்பி, ட்யூபுக்கு ஒன்னுமில்ல" என்றார். பின்மூடியைத் திறந்து, ட்யூபில் உயர் மின்னழுத்தம் ஏறும் முனையான ஆனோடை முதலில் டிஸ்சார்ஜ் செய்து, போர்டை நிமிர்த்தி, படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்டிகல் ஐ.சி.யின் கால்களை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மூன்றாவது காலைச் சுற்றி, ஈயத்தில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு வட்ட விரிசல். பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தார். பத்து நிமிடம், 150 ரூபாய். ஐ.சி. சூட்டில் விரிந்து சுருங்கியே அந்த விரிசல் வருகிறது என்றும், சூட்டை வாங்கும் தகடான ஹீட்சிங்கின் திருகைச் சற்று இறுக்கினால் மீண்டும் வர நாளாகும் என்றும் சொல்லிக்கொடுத்தார். அன்று கற்றதை வைத்து அதன்பின் நான்கு வீடியோ கேம் போர்டுகளைச் சரிசெய்திருக்கிறேன்.

வீடியோ கேம் பெட்டிகளின் நோய்களும் உங்களுக்குப் பழக்கப்பட்டவையே. சேகாவின் கேம் கியர் என்னும் கையடக்கப் பெட்டி 1990-இல் வந்தது. இன்று கைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சத்தம் குன்றி, திரை மங்கித்தான் கிடைக்கின்றன, ஏனென்றால் அதிலுள்ள சிறு கன்டென்சர்கள் கசிந்து போர்டின் செம்புத் தடங்களை அரிக்கின்றன. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் கடிகாரத்துக்கென்று வைத்த கன்டென்சர், பெட்டியைப் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்தாலும்கூட, கசிந்து போர்டைத் தின்கிறது. அதை வெட்டியெடுப்பது தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் பெட்டியை இழக்கிறார். அடாப்டர் விவகாரம் இதைவிடக் கொடியது. ஃபேமிகாமுக்கு டி.சி.; பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ். பெட்டியின் அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி. பிளக் பொருந்துகிறதே என்று இதை ஃபேமிகாமில் சொருகினால், மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக்கும் 7805 ரெகுலேட்டரோடு சேர்த்துக் கன்டென்சரும் போகும். நகல் பெட்டிகளில் எல்லா வேலையும் கறுப்புப் பசைப் பொட்டால் மூடிய ஒரு சில்லுக்குள் அடங்கியிருப்பதால், அது போனால் மாற்றுவதற்கு எதுவுமே இல்லை. ஆகவே அடாப்டரைச் சொருகுமுன் மீட்டர் வைத்துப் பார்க்கும் உங்கள் பழக்கம்தான் அந்தப் பெட்டிக்கு ஆயுள் காப்பு.

உரிமையோடு சில வேண்டுகோள்களையும் வைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கேசட்டின் முனைகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். அன்றைக்குப் படம் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மேற்பூச்சு போய்ச் செம்பு வெளியே தெரிந்தபின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அது பச்சை பூத்து நின்றுவிடும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் நாலைந்து முறை துடைத்தாலே பெரும்பாலான கேசட்டுகள் எழுந்துவிடுகின்றன. தின்னரைப் பிளாஸ்டிக்கின் பக்கமே கொண்டுபோகக்கூடாது. ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் கேசட்டுகளுக்குள் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றும்போது, அதன்மேல் நேராகச் சால்டர் வைக்காமல், தகடு பற்றவைத்தே விற்கிற பேட்டரியை வாங்கிப் போடுங்கள்; சூடேறினால் அந்த பேட்டரி வெடிக்கக்கூடும். பேட்டரியைக் கழற்றிய கணமே, முன்பு விளையாடியவர் சேமித்த ஆட்டம் அழிந்துவிடும் என்பதால் உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இறந்துபோன அண்ணன் சேமித்துவைத்த ஆட்டம் அதில் இருந்தது என்று ஒருவர் என்னிடம் அழுததை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சளித்த பிளாஸ்டிக்கை வெளுக்கச் செய்வது போன்ற மேல்வேலைகளை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

நாங்களே பார்த்துக்கொள்ள முடியாதது ட்யூப் டிவி. கேம் பெட்டிக்குள் ஓடுவது 5 வோல்ட். தவறு செய்தால் பெட்டி போகும், நாம் இருப்போம். வண்ண டிவியின் ஆனோடில் இருப்பது 25,000 வோல்ட் அளவு; சுவிட்சை அணைத்த பிறகும் ட்யூப் அதைத் தேக்கி வைத்திருக்கும். ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு இதில் கைவைக்கலாம் என்று நான் எந்த இளைஞனுக்கும் சொல்லமாட்டேன். தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எந்தக் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எந்தக் கையை நீட்டுகிறார் என்று பார்த்துத்தான் இதைக் கற்க முடியும். அப்படிக் கற்றுக்கொடுக்கக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் கடையைச் செல்பேசிச் சர்வீஸுக்கு மாற்றுகிறீர்கள், அல்லது பிள்ளைகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறீர்கள். அது உங்கள் பிழைப்பு. அதில் குறைசொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்த மாற்றத்தின்போது சர்க்யூட் படப் புத்தகங்களும், ட்யூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் எல்.ஓ.டி. டிரான்ஸ்ஃபார்மர்களில் மிச்சமிருப்பவையும், வெர்டிகல் ஐ.சி. நிறைந்த பிஸ்கட் டப்பாக்களும் எடைக்குப் போய்விடுகின்றன. தயவுசெய்து போடுவதற்குமுன் உங்கள் ஊரில் எங்களைப் போன்ற ஒருவனுக்குச் சொல்லியனுப்புங்கள். எடைக்கு என்ன தருவார்களோ அதற்கு மேலேயே கொடுத்து எடுத்துக்கொள்கிறோம்.

அதேபோல், வாடிக்கையாளர் "இத நீங்களே வச்சுக்குங்க" என்று விட்டுப்போன 14 அங்குலப் பெட்டிகளில் ட்யூப் நன்றாக இருப்பவற்றை உடைக்க அனுப்ப வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். வேறு பழுது எதுவாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். புது ட்யூப் மட்டும் இனி வராது. உண்மையிலேயே தேறாதவற்றை, பதிவுபெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளர்களிடம் சேர்க்கும் பொறுப்பையும் செலவையும் நாங்கள் ஏற்கிறோம். ட்யூபின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் இருப்பதால், அந்தப் பையன் உடைத்ததுபோல் வெறும் கையோடு வாசலில் உடைப்பது அவனுக்கும் அந்தத் தெருவுக்கும் நல்லதில்லை.

எங்கள் பக்கக் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேகரிப்பாளர்களில் சிலர், ஒரு கேசட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, உங்களிடம் வந்து 200 ரூபாய்க் கூலிக்குப் பேரம் பேசுகிறோம். போர்டைச் சரிசெய்து கொடுத்த உங்கள் பெயரைச் சொல்லாமல், "நானே சரிசெய்தேன்" என்று படம் பிடித்துக் காட்டுகிறோம். இந்த இரண்டையும் நான் செய்திருக்கிறேன், வெட்கப்படுகிறேன். இனி கேட்கிற கூலியைக் கொடுப்பேன். கற்றுக்கொடுக்கிற நேரத்துக்குத் தனியாகவும் கொடுப்பேன். ஒப்புக்கொள்ளும் மெக்கானிக்கின் பெயரையும் செய்த வேலையையும் பெட்டியின் உட்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டுவேன். அடுத்து அதைத் திறக்கிறவர், எந்தக் கன்டென்சர் எந்த ஆண்டில் யார் கையால் மாற்றப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆடி மாதத்தில் அந்த ஏழில் இரண்டைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். ஒன்று நன்றாக ஓடுகிறது, வாத்துகள் விழுகின்றன. மற்றொன்றில் சத்தம் வருகிறது, படம் இல்லை. கழுத்தில் ஹீட்டர் வெளிச்சம் தெரிகிறது. ட்யூபின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரீன் வோல்டேஜைத் தொட எனக்குத் துணிவில்லை. திருச்சியிலோ சுற்றுவட்டாரத்திலோ இன்னும் ட்யூப் டிவி பார்க்கிற மெக்கானிக் யாரேனும், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் இரண்டு மணி நேரம் ஒதுக்க இசைந்தால், பெட்டியையும், கற்றுக்கொள்ள ஆசைப்படும் கல்லூரி மாணவர்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறேன்.

மரியாதையுடன்,
பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேகரிக்கும் ஒருவன்,
திருச்சிராப்பள்ளி