அரட்டை வலையொலிக்குக் கேள்வித்தாள் வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களைச் சேர்ந்த இளையோர் சிலர் அண்மைக் காலமாக உரையாடல் வலையொலிகளை, அதாவது பலரும் பொட்காஸ்ட் என்று சொல்லும் நிகழ்ச்சிகளை, ஆர்வத்தோடு தயாரித்து வருகிறார்கள். ஒரு மணி நேர அரட்டை எப்போது எம்மை இறுதிவரை இருத்தி வைக்கிறது, எப்போது பாதியிலேயே நிறுத்த வைக்கிறது என்பது குறித்து, அவற்றைத் தேடிக் கேட்பவன் என்ற முறையில் சிலவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கூற விரும்புகிறேன்.

நடத்துபவர் எவ்வளவு திறமையாகப் பேசுகிறார் என்பதைவிட, எதிரில் இருப்பவரை எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்பதே முதன்மையானது. ஒரு நிகழ்ச்சியில் மூத்த கூத்துக் கலைஞர் ஒருவர், விடியற்புறம் அரங்கில் நின்றபோது தனக்குப் பாட்டின் அடுத்த அடி மறந்துபோனதையும், பிற்பாட்டுக்காரர் அதைத் தாமே எடுத்துப் பாடிக் காப்பாற்றியதையும் போகிற போக்கில் சொன்னார். அந்தத் தடுமாற்றத்தைப் பிற்பாட்டுக்காரர் எப்படிக் கண்டுகொண்டார், சபையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததா, கூத்து முடிந்தபின் அதைப் பழக்கிய ஆசானான அண்ணாவியார் என்ன சொன்னார் என்று கேட்க எத்தனையோ இருந்தன. நடத்தியவரோ, ‘இன்றைய இளைய சமுதாயத்துக்கு நீங்கள் கூற விரும்புவது என்ன?’ என்று தாளில் இருந்த அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதற்கு எவரும் சொல்லக்கூடிய பதிலைத்தான் அந்தக் கலைஞரும் சொன்னார். முன்தயாரிப்பே கூடாது என்று நான் கூறவில்லை. விருந்தினரைப் பற்றி நன்கு அறிந்து வந்தவரால்தான் தாளை மூடி வைத்துவிட்டு, வந்து விழுந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்க முடியும். விருந்தினர் யோசித்து நிற்கும் கணத்தை உடனே பேசி நிரப்பாமலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு அடுத்துத்தான் நல்ல கதை வரும்.

நண்பர்கள் இருவர் மூவர் கூடிப் பேசும் நிகழ்ச்சிகளின் இனிமை அவர்களுக்கிடையிலான உரிமையில் இருக்கிறது. ஒரே பள்ளிக்கூடக் கதையை ஆளுக்கொரு விதமாக நினைவுகூர்ந்து அவர்கள் வாதிடுவதைக் கேட்க எனக்கு அலுப்பதேயில்லை. ஆனால் காதால் மட்டும் கேட்பவருக்கு எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்பது தெரியாது. ஒரு வசனத்தில் சொல்லிவிட்டால் போதும். அதுவும் இல்லாதபோது அடுத்த வீட்டுக் கொண்டாட்டத்தை வேலிக்கு வெளியே நின்று கேட்பவரைப் போல நாங்கள் ஆகிவிடுகிறோம்.

ஒலிவாங்கியின் முன் அமர்ந்ததும் பலர் தென்னிந்தியத் தொலைக்காட்சித் தொகுப்பாளர்களின் தொனிக்கு மாறிவிடுவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களைத் தமிழ்நாட்டு மக்களே விரும்பிக் கேட்ட காலம் இருந்தது. அங்குள்ளவர்களைப் போலப் பேசி அவர்கள் அந்த இடத்தைப் பெறவில்லை. ஒட்டுசுட்டானில் வளர்ந்தவர் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும்.

காட்சி இல்லாவிட்டால் யாரும் நின்று கேட்க மாட்டார்கள் என்று கூறி, நிகழ்ச்சிகளைக் காணொளியாக மட்டும் வெளியிடுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பொருளாதாரத் தடையால் மின்கலங்கள் கிடைக்காமற்போன 1990களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் சில்லைச் சுழற்ற, டைனமோ மின்சாரத்தில் மற்றவர்கள் சூழ்ந்திருந்து வானொலி கேட்ட மண் இது. இன்றும் உழவு இயந்திரம் ஓட்டுபவருக்கும், தையல் இயந்திரத்தின் முன் இருப்பவருக்கும், ஏ9 வீதியில் பேருந்தில் நெடுநேரம் போகிறவருக்கும் காதுதான் ஓய்வாக இருக்கிறது. பேச்சை ஒற்றைத் தடத்தில் (மோனோ) விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் சேமித்தால் ஒரு மணி நேரம் 29 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். காணொளிக்கு அதைப்போலப் பல மடங்கு டேட்டா செலவாகும். காணொளியோடு இந்த ஒலிக்கோப்பையும் தனியே கொடுப்பது தயாரிப்பாளருக்குப் பெரிய வேலையன்று.

ஒலியின் தரத்துக்கும் பெரும் பணம் தேவையில்லை. தகரக் கூரைக்குக் கீழே, மின்விசிறி சுழலும் வெறும் மண்டபத்தில் பதிவு செய்வதைத் தவிர்த்து, துணிமணிகளும் மெத்தையும் உள்ள சிறிய அறையில் அமர்ந்தால் எதிரொலி வெகுவாகக் குறையும். ஒவ்வொருவரும் தத்தம் கைத்தொலைபேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்துத் தனித்தனியே பதிவு செய்து, தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால், பின்னர் அந்தத் தட்டொலியைக் கொண்டு பதிவுகளைப் பொருத்திவிடலாம். வரவேற்புரையையும், சந்தாதாரராகுங்கள் என்ற வேண்டுகோளையும் நீட்டாமல், பேச்சுக்குள் விரைவாக வந்துவிடுவதும் நன்று.

தங்கள் வார இறுதி இதழில் திரைப்பட விமர்சனத்துக்கு ஒதுக்கும் இடத்தில் ஒரு பகுதியை எமது பிரதேச வலையொலிகளுக்கும் ஒதுக்கி, அவற்றைக் கேட்டறிந்தவர்களைக் கொண்டு நிறைகுறைகளை எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.