விஷம் மட்டும் வச்சிடாத மாப்ள

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டதுல இருந்து மனசே சரியில்லடா. மூணு ஆடு, அதுல ஒண்ணு சினையாடு, அதுவும் சிறுத்தை பட்டிக்குள்ளயே வந்து அடிச்சிருக்குன்னா வீடு எப்படி இருந்திருக்கும்னு தெரியுது. அம்மா சரியா சாப்பிடவே இல்லன்னு சொன்ன, அவங்க கையால தழை போட்டு வளர்த்த ஆடு, அதை ரூபாய் கணக்குல சொல்லி யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. ஆனா மெசேஜ் முடியறப்ப குரலைக் குறைச்சுட்டு ஒண்ணு சொன்ன பாரு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் பயிருக்குப் போடற குருணை பூச்சி மருந்து தர்றேன்னாரு, மிச்சம் கிடக்கிற ஆட்டு மேல தூவி விட்டா மறுபடி திங்க வர்ற சிறுத்தையோட கதை முடிஞ்சிரும்னு. போன்ல பேசுனா சண்டையில போய் நிக்கும்னுதான் உக்காந்து எழுதறேன். வேண்டாம்டா, அதை மட்டும் செய்யாத.

இங்க நாங்க நல்லா இருக்கோம். தென்னாப்பிரிக்காவுல, எங்க பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இப்ப சரியான குளிர், ட்ராகன்ஸ்பர்க் மலை உச்சியில பனி விழுந்திருக்கு. பையன் ஸ்கூல்ல இந்த ஊர் ஜனங்களோட சூலு பாஷைப் பாட்டெல்லாம் கத்துக்கிட்டு வந்து பாடறான். நான் இப்ப தீவனக் கம்பெனி வேலையில இருக்கேன்ல, அதனால மூயி ரிவர், அண்டர்பர்க் பக்கம் செம்மறி ஆட்டுப் பண்ணைங்களுக்குப் போயிட்டே இருக்கேன், போற இடமெல்லாம் இதே பேச்சுதான். அங்க சிறுத்தைன்னா இங்க நரியும் கேரகாலும். கேரகால்னா காது நுனியில கருப்புக் குஞ்சம் வச்ச பெரிய காட்டுப்பூனை, நின்ன இடத்துல இருந்து ஆள் உயரத்துக்கு எம்பும்.

ஒரு பண்ணையில குட்டி போடற சீசன்ல போயிருந்தேன், காலையில ஒரு குட்டி செத்துக் கிடந்துச்சு. அந்தப் பண்ணைக்காரர் உடனே நரின்னு கத்தல, கத்தியை எடுத்துக் கழுத்துத் தோலை உரிச்சுப் பாத்தாரு. தோலுக்கு அடியில ரத்தம் கட்டியிருந்தா உயிரோட இருக்கறப்ப கடிச்சது, ரத்தக்கட்டே இல்லனா குட்டி குளிர்லயோ நோய்லயோ செத்து அப்புறமா எதுவோ வந்து தின்னிருக்கு. நரின்னா தொண்டையில கடிச்சு விலாவுக்குப் பின்னாடி வயித்தைக் கிழிக்கும், கேரகால் பெரும்பாலும் தொடைக்கறியில இருந்து ஆரம்பிக்கும், ஊர் நாய்னா அங்கங்க கண்டபடி குதறி வச்சிருக்கும். அன்னிக்கு அந்தக் குட்டி கழுத்துல ரத்தக்கட்டு இல்ல. அவர் மட்டும் அப்படிப் பாக்கலைன்னா செய்யாத தப்புக்கு ஒரு நரிக் குடும்பமே அன்னைக்கு ராத்திரி செத்திருக்கும், குட்டிங்க ஏன் சாகுதுங்கறதும் தெரியாமலே போயிருக்கும்.

இந்த நாட்டுல கொல்றது புதுசு இல்லடா. 1656லயே இந்த நாட்டோட தெற்குப் பக்கம் கேப்ல இருந்த டச்சுக்காரங்க சிங்கம், சிறுத்தையெல்லாம் கொன்னு கொண்டாந்தா காசுன்னு அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் நரி வேட்டை கிளப், இரும்புப் பொறி, விஷம், வேட்டை நாய்னு நூத்துக்கணக்கான வருஷமா எல்லாத்தையும் பாத்துட்டாங்க. கேப் பக்கம் சிங்கம் சுத்தமா போயிருச்சு, நரி இன்னிக்கும் இருக்கு. ஏன்னா ஒரு ஜோடி நரி ஒரு இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கிற வரைக்கும் அந்த எல்லைக்குள்ள அதுங்க மட்டும்தான் குட்டி போடும், வெளி நரியை உள்ள விடாது. அந்த ஜோடியைச் சுட்டுட்டா இடம் காலியாகி நாலா பக்கம் இருந்தும் இளசுங்க வந்து புகுந்துரும், சின்ன வயசுலயே குட்டியும் போட ஆரம்பிச்சிரும். 2018ல இங்க விஞ்ஞானிங்க சேந்து இந்தப் பிரச்சினையைப் பத்தி நாடு முழுக்க அலசி ஒரு பெரிய அறிக்கை போட்டாங்க. அதோட சாரமே, கண்ணை மூடிக்கிட்டு கொல்றதுனால நஷ்டம் குறையுதுன்னு உறுதியான ஆதாரம் கிடையாதுங்கறதுதான். அதுக்காக நஷ்டம் சும்மா கதைன்னு யாரும் சொல்லல, ஆடு வளர்க்கறவங்களுக்கு வருஷத்துக்கு நூறு கோடி ராண்டுக்கு (ராண்டுதான் இங்கத்து காசு) மேல போகுதுன்னு அதுக்கு முன்னாடியே கணக்கு போட்டிருக்காங்க.

பெரிய பண்ணைக்காரங்களாவது எப்படியோ சமாளிச்சுக்குவாங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கறது சூலு ஜனங்களை நினைச்சா. ஆடி மாசம் இங்க தமிழ்க் குடும்பங்க மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க, கரும்புத் தோட்டத்துக்கு வந்த தாத்தா பாட்டி காலத்துல இருந்து விடாம செய்யறாங்க, பாதிப் பேருக்குத் தமிழ் பேச வராது ஆனா கூழும் வேப்பிலையும் தவறாது. அதுக்கு கிடா வாங்க பக்கத்து வீட்டு அங்கிளோட ஒரு சூலு பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவரோட சொந்தக்காரங்க ஷ்லுஷ்லுவே இம்ஃபலோசி காட்டுக்கு வேலி ஓரத்துலயே இருக்காங்க. அந்தக் காடு 1895லயே பாதுகாக்கப்பட்டது, ஆனா சிங்கத்தையெல்லாம் சுட்டுத் தீத்துட்டாங்க, 1958ல ஒத்தை ஆண் சிங்கம் எங்கிருந்தோ நடந்து தானா வந்து சேந்துச்சு, அதுக்கப்புறம் பெண் சிங்கங்களைக் கொண்டாந்து விட்டாங்க. 80கள் ஆரம்பத்துல காட்டுநாய்ங்களையும் கொண்டாந்து விட்டாங்க, நம்ம செந்நாய் மாதிரியே கூட்டமா வேட்டையாடும். கரண்ட் வேலி இருக்கு, ஆனா காட்டுப்பன்னி அடியில தோண்டிருதாம், மழைத் தண்ணி அரிச்சுருதாம், அந்த ஓட்டையில சிங்கமும் வந்துருதாம். வந்தா போறது யாரோட மாடு? கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்குக் கொடுக்க வச்சிருந்த மாடு, புள்ளைங்க ஃபீஸ்க்கு வித்துக்கலாம்னு இருந்த மாடு. நம்ம ஊர்ல அலைய விட்டாவது இழப்பீடுன்னு ஒண்ணு இருக்கு, இங்க நாடு முழுக்க அப்படி ஒரு திட்டமே கிடையாது. டூரிஸ்ட்டு வண்டிங்க அவங்க வீட்டு வாசல் வழியாத்தான் போகுது, ஒண்ணுகூட நிக்கிறதில்லன்னு அந்தப் பெரியவர் சொன்னாரு, அவர் குரல்ல கோபம்கூட இல்ல.

நம்ம நாட்டுக்கு சீட்டா, அதான் சிவிங்கிப்புலி, போச்சே, 2022ல நமீபியாவுல இருந்து 8, 2023 பிப்ரவரியில இங்க இருந்து 12, அதுல சிலதை நான் இருக்கிற இதே மாகாணத்துல ஃபிண்டாங்கற இடத்துல தனியா வச்சிருந்துதான் அனுப்புனாங்க. நாடே கொண்டாடுச்சு. 2025 மார்ச்ல அதுங்களை விட்ட மத்தியப் பிரதேசத்து குனோ காட்டுக்கு வெளிய ஒரு தாய் சீட்டா குட்டிங்களோட போய் கன்னுக்குட்டியைப் பிடிச்சப்ப ஜனங்க கல்லால அடிச்ச வீடியோ பாத்திருப்ப. எல்லாரும் அந்த ஜனங்களைத் திட்டுனாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் பாவமா இருந்துச்சுடா. காட்டு மிருகம் வேணும்னு ஆசைப்படறது டவுன்ல இருக்கறவங்க, செலவு மட்டும் பத்து ஆடு வச்சிருக்கறவன் தலையில விழுது. செத்த அப்புறம் பேப்பர் கேட்டு அலைய விடறதுக்குப் பதிலா சாகறதுக்கு முன்னாடியே பட்டிக்கும் காவலுக்கும் காசு கொடுக்கணும். இதை நான் யார் கேட்டாலும் சத்தமா சொல்லுவேன்.

இங்க அப்படிக் கொடுக்கறவங்களும் இருக்காங்க. துருக்கி நாட்டு அனடோலியன் நாய், கன்னுக்குட்டி சைஸ் இருக்கும், 2005ல இருந்து சீட்டா காப்பாத்தற அமைப்பு ஒண்ணு பண்ணைங்களுக்குக் கொடுக்குது. குட்டியிலயே வீட்டுக்குள்ள விடாம ஆட்டுப் பட்டியிலயே போட்டு வளர்ப்பாங்க, சோறும் அங்கதான். வளந்ததும் ஆட்டை மேய்க்காது, விரட்டாது, கூடவே நடக்கும், எதுவாவது வந்தா குறுக்க நின்னு குலைக்கும், பெரும்பாலும் அந்தச் சத்தத்துக்கே போயிரும். நாய் வந்த பண்ணைங்கள்ல நஷ்டம் 33ல இருந்து 100 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுதுன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. ஆனா உனக்கு இதைச் சொல்ல மாட்டேன், உங்க தாளவாடியில சிறுத்தை நாயைத்தான் முதல்ல தூக்கும், கோம்பை நாயா இருந்தாலும் ஒத்தையா நின்னா போச்சு.

உனக்கு வேண்டியது கூரை. நரி தோண்டும், கேரகால் தாவும், சிறுத்தை ஏறும், எது வருதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் பட்டி கட்டணும். நீ அனுப்புன ஃபோட்டோவுல சுவர் நல்லா உசரமா இருக்கு, மேல பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஓரத்துல ஒண்ணு உடைஞ்சிருக்கு, அதுல இறங்கித்தான் வந்திருக்கணும். இரும்புக் கம்பி வலையை மேல முழுக்க இழுத்துக் கட்டி, கதவுல தகரம் அடிச்சு, கீழ சந்து இல்லாம பாத்துக்க.

விஷம் வச்சா என்ன ஆகும் தெரியுமா, சிறுத்தை வருமோ வராதோ, காக்காயும் உங்க தெரு நாயும் முதல்ல சாகும், அப்புறம் கழுகு. மாயாறு பள்ளத்தாக்குல நாம சின்ன வயசுல அண்ணாந்து பாத்த பிணந்தின்னிக் கழுகுங்க தென்னிந்தியாவுலயே இப்ப அங்கதான் ஓரளவுக்கு மிஞ்சியிருக்கு. இங்கயும் இதே கதை, 2019ல பக்கத்து நாடு போட்ஸ்வானாவுல விஷம் வச்ச யானை உடம்பைத் தின்னு 537 கழுகு செத்துச்சு. அதோட நீலகிரியில 2023ல அவலாஞ்சி பக்கம் விஷம் வச்ச மாட்டால ரெண்டு புலி செத்து மாட்டுக்காரர் ஜெயிலுக்குப் போனதை நீயே எனக்கு ஃபார்வர்ட் பண்ணுன. அம்மா ஆட்டையும் இழந்து உன்னையும் கோர்ட்டுக்கு அனுப்பணுமா?

மிச்சம் கிடக்கறதை நகர்த்தாத, ஃபோட்டோ எடு, ரேஞ்சருக்குச் சொல்லி கால்நடை டாக்டரை வரவழைச்சு எழுதி வாங்கு. போன தடவை இழுத்தடிச்சாங்கன்னு விட்டுராத. பட்டியோட நீள அகலம் அளந்து இன்னிக்கே வாட்ஸப்ல போடு, வலைக்கும் ஆள் கூலிக்கும் நான் ஜிபேல போட்டு விடறேன், கடன்னு நினைக்காத, தங்கச்சிகிட்ட சொல்லி வச்சிரு, அம்மாகிட்ட வேண்டாம், அவங்க வாங்க விடமாட்டாங்க. அந்தக் குருணை மருந்தை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு எனக்கு ஒரு ஃபோன் போடு.

உன் மச்சான்